டங்! கியர் விழுந்தாச்சு

டங்!

பதறாதீர்கள். எதுவும் உடையவில்லை. முதல் கியர் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கும் தூக்கிவாரித்தான் போட்டது. இரும்புப் பலகையின் மேல் யாரோ சம்மட்டியை நழுவவிட்ட மாதிரி ஒரு சத்தம், அதுவும் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து. காதில் பென்சில் செருகி, முழங்கை வரை கிரீஸ் பூசியிருந்த ஒரு மாணவி என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இது நல்ல சத்தமுங்க அக்கா. கெட்ட சத்தம் வேற. இங்கயே நில்லுங்க, அதையும் கேட்டுட்டுப் போலாம்."

இதைவிட நல்ல அழைப்பு கிடைக்குமா? வாருங்கள், ஓரமாக ஒட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவோம். ஒயரை மிதிக்காதீர்கள். அந்தக் கறுத்த குழாயில் கை வைக்காதீர்கள், சைலன்ஸர் அது. இப்போதுதான் எஞ்சினை அணைத்தார்கள்.

நாம் நிற்பது கோவை செட்டிபாளையத்தில், கரி மோட்டார் ஸ்பீட்வேயின் பிட் பகுதியில். நடப்பது ஃபார்முலா பாரத். பொறியியல் மாணவர்கள் தாங்களே வரைந்து, குழாய் வெட்டி, வெல்டு வைத்துக் கட்டிய ஒற்றை இருக்கை ரேஸ் கார்களோடு வந்து மோதும் போட்டி. 1981இல் அமெரிக்காவில் ஃபார்முலா எஸ்ஏஇ என்று ஆரம்பித்த யோசனையின் இந்திய வாரிசு. பெட்ரோல் வண்டிகளுக்கு எஞ்சின் 710 சிசியைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்த அளவுக்குள் லேசாகவும் பலமாகவும் கிடைப்பது பைக் எஞ்சின். அதனால் காரின் முதுகுப்புறம் எட்டிப் பார்த்தால், நம் தெருவில் பையன்கள் முறுக்கிக்கொண்டு பறக்கும் அதே கேடிஎம் 390தான் பல வண்டிகளில் உட்கார்ந்திருக்கிறது. 373 சிசி, ஒற்றை சிலிண்டர், ஆறு கியர். பைக்கில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருப்பவை; ஒன்றை வாங்கினால் மற்றதும் வரும், அதன் சத்தமும் கூடவே வரும்.

மேசையைப் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்த இடம். ஸ்பேனர்கள், ஒரு கட்டு கேபிள் டை, பாதி பிசைந்த எம்-சீல், மூடி தொலைந்த செயின் ஸ்ப்ரே, எண்ணெய்க் கறை பட்டுக் கண்ணாடித் தாளாகவே மாறிவிட்ட விதிப்புத்தகம், அதன் மேல் யாரோ ஒரு கடி கடித்து மறந்துபோன தேங்காய் பன். லேப்டாப்பில் ஒரு துண்டுச்சீட்டு: 'எண்டர் பட்டனை மட்டும் கை கழுவிட்டு அமுத்தவும்'. காரின் மூக்கில் சந்தனமும் குங்குமமும். முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை. சோதனை அதிகாரிகள் வரும்போது எடுத்துவிடுவார்களாம். "எலுமிச்சம்பழம் கூடாதுன்னு ரூல் இல்லீங்க்கா. ஆனா எதுக்குன்னு கேட்டா இஞ்சினியரிங்கா பதில் சொல்லணுமே!" என்றான் அதை வைத்த பையன்.

எஞ்சின் எங்கே வாங்கியது என்று கேட்டேன். "உக்கடத்துலங்க" என்றது ஒரு குரல். "அடிபட்ட வண்டியோடது" என்றது இன்னொன்று. "பேப்பரெல்லாம் பக்காவா இருக்கு" என்று மூன்றாவது குரல் கொஞ்சம் அவசரமாகவே சொன்னது.

காக்பிட்டுக்குள் தலையை நீட்டினால் வலது பக்கம் கியர் லீவர். அதன் தலையில் பளபளவென்று பித்தளைக் குமிழ். கணபதியில் ஒரு லேத்துப் பட்டறைக்காரர், பம்ப்செட்டுக்கு வைத்திருந்த பழைய புஷ்ஷிலிருந்து கடைந்து கொடுத்தாராம், காசு வாங்காமல். பட்டறை இருக்கிற ஊரில் படிப்பதன் சொகுசே தனி. சென்ற ஆண்டு இந்தக் குழு ஸ்டியரிங்குக்குப் பின்னால் பொத்தான் வைத்து, காற்றழுத்தத்தில் கியர் மாற்றிப் பார்த்தது. போட்டி நாளில் எங்கோ காற்று கசிந்து, நாலாவது கியரிலேயே வண்டி நின்றது. இந்த ஆண்டு லீவர், கேபிள், பித்தளைக் குமிழ். "கை நம்மோடதுங்க்கா, அது லீக் ஆகாது."

இப்போது பின்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துகிறார்கள். பிட்டுக்குள் எஞ்சினை ஓட்டுவதானால் இப்படித்தான். ஸ்டார்ட்டர் முனகுகிறது, இருமுகிறது, பிடித்துக்கொள்கிறது. கூடாரத்துத் துணி அதிர்கிறது. தேங்காய் பன் மெல்ல நகர ஆரம்பிக்கிறது. கிளட்ச் மிதி. லீவரைத் தள்ளு. டங்!

ஏன் இந்தச் சத்தம்? பென்சில் மாணவி என் நோட்டுப் புத்தகத்தையே பிடுங்கிப் படம் போட்டுக் காட்டினார். வீட்டுக் காரில் சின்க்ரோ வளையம் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கத்து வேகத்தையும் சமமாக்கிய பிறகே கியரை உள்ளே விடும். அதனால் நமக்கு எதுவும் கேட்பதில்லை. பைக்கில் அந்த வளையம் கிடையாது. பல்சக்கரங்கள் எல்லாம் எப்போதும் கோத்தபடியே சுற்றிக்கொண்டிருக்கும். கியர் மாற்றும்போது ஒரு சக்கரம் பக்கவாட்டில் நகரும். அதன் விலாவில் துருத்திக்கொண்டிருக்கும் கட்டைப் பற்கள் அடுத்த சக்கரத்தின் பள்ளத்தில் போய் இடித்து உட்காரும். அந்தப் பற்களுக்கு 'டாக்' என்று பெயர். "நாய்னு நெனச்சுக்கோங்க. கவ்வும். கவ்வறதுக்கு முன்னாடி குரைக்கும்" என்று யாரோ காருக்கு அடியிலிருந்து சொன்னார்கள். கால்கள் மட்டும்தான் தெரிந்தன.

நின்ற இடத்தில் முதல் கியர் போடும்போது சத்தம் இன்னும் அதிகம். பைக்கின் கிளட்ச் தகடுகள் எண்ணெயில் ஊறிக் கிடப்பவை. கிளட்சை முழுக்க மிதித்தாலும் எண்ணெயின் பிசுபிசுப்பில் ஒன்றையொன்று கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் சுற்றுகிறது, மறு பக்கம் நிற்கிறது. இரண்டும் சந்தித்தால் டங். சிக்னலில் நிற்கும் பைக்கிலும் இது கேட்கும், கவனித்திருப்பீர்கள். அப்படியானால் காரில் மட்டும் ஏன் காது கிழிகிறது?

இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் மாணவர் அல்ல. கூடாரத்து ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், சட்டைக் காலரில் கைக்குட்டை செருகி, டீ குடித்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். கல்லூரி வாசலுக்கு எதிரே பைக் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். குழுவுக்கு ஆசிரியர்கள் தனியாக உண்டு; ஆனால் எஞ்சினைத் திறப்பதற்கு முன் எல்லோரும் இந்த அண்ணன் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். முதல் முறை வண்டியை ஓட்டிவிட்டு "பயங்கரமா சத்தம் வருதுங்ண்ணா" என்று பையன்கள் ஓடியபோது அவர் கேட்டாராம்: "ஏந்தம்பி, கப்ளிங் ரப்பரைத் தூக்கி வீசிப்போட்டுச் சத்தம் வருதுன்னா, வராம என்ன பண்ணும்?"

அதுதான் சங்கதி. பைக்கின் பின்சக்கர நடுவில், ஸ்புராக்கெட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே ரப்பர் கட்டைகள் இருக்கும். செயின் வெட்டி இழுக்கும்போதெல்லாம் அந்த அடியை ரப்பர் வாங்கிக்கொள்ளும். காரில் பைக்கின் பின்சக்கரமே இல்லை. ஸ்புராக்கெட் நேராக டிஃபரன்ஷியலில் போல்ட்டு போட்டு முடுக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து இரண்டு பக்கமும் ஆக்சில், அதன் முனைகளில் ஜாயின்ட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மயிரிழை ஆட்டம். கியர் மாறும்போது இந்த ஆட்டமெல்லாம் ஒரே நேரத்தில் ஒரு பக்கமிருந்து மறு பக்கம் பாய்கிறது. இரும்பு இரும்பை அடிக்கிறது. அடியை ஏந்திக்கொள்ள ரப்பரும் இல்லை, சத்தத்தை மூடிவைக்கக் கதவும் கார்ப்பெட்டும் இல்லை. ஓட்டுநரின் முதுகுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு தகடு. வண்டியின் குழாய்ச் சட்டம் முழுவதும் அதிர்ந்து ஒலிக்கிறது.

செயின் மட்டும் எங்க ஊர்ச் சரக்கு என்று அண்ணன் பெருமையாக விரலால் தட்டிக் காட்டினார். ரோலான், கோவை எல்.ஜி.பி. தயாரிப்பு.

பைக் எஞ்சினைக் காரில் வைக்கும் பைத்தியம் இந்தக் கூடாரத்தில் பிறந்ததல்ல. அணித்தலைவரின் போனில் ஒரு முழு ஆல்பமே இருக்கிறது, எல்லாம் இங்கிலாந்துக் கிட் கார்கள். காலின் சாப்மன் 1957இல் கொண்டுவந்த லோட்டஸ் செவன், பெட்டியில் பாகங்களாக வாங்கி வீட்டுக் கொட்டகையில் பூட்டிக்கொள்ளக் கிடைத்த வண்டி. முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி. பாகங்களாக வாங்கினால் தப்பிக்கலாம். அந்தக் குட்டிக் காரின் சாயலில் எத்தனையோ பேர் வண்டி செய்தார்கள். 1996இல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுண்டுக்குள் நீங்களே ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று ஒரு புத்தகமே எழுதினார். வெஸ்ட்ஃபீல்டு சுசுகி ஹயபூசா எஞ்சினைத் தூக்கி வைத்து மெகாபூசா என்று பெயர் சூட்டியது. "அங்க இருக்கறவங்களுக்கும் இதே கவலைதானுங்க்கா. வண்டியக் கட்டி முடிச்சு மொத கியர் போட்டதும், எதையோ ஒடச்சுட்டோம்னு இறங்கிப் பாப்பாங்களாம்" என்று தலைவர் சொன்னபோது முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

இன்னொரு சங்கடமும் அவர்களோடு பொது. பைக் கியர்பாக்ஸில் ரிவர்ஸ் கிடையாது. சாலையில் ஓடும் கிட் கார்களில் சிலர் இதற்கென்று தனியாக மின்மோட்டார் வைத்துக்கொள்கிறார்கள். இங்கே மனித மோட்டார்தான். பிட்டிலிருந்து சோதனைக் கூடத்துக்கு வண்டி சொந்த பலத்தில் நகரவே கூடாது. பின்னால் ஒரு தள்ளுகம்பியை மாட்டி, நடை வேகத்தில் தள்ள வேண்டும், உள்ளே ஒருவர் ஸ்டியரிங்கும் பிரேக்குமாக. உள்ளே உட்காரும் வாய்ப்புக்கு அடிதடி. தள்ளும் வேலை முதலாமாண்டுப் பையன்களுக்கு. "சேர்றப்ப ஏரோடைனமிக்ஸ் டீம்னு சொன்னாங்க" என்று ஒருவன் மூச்சிரைக்க என்னிடம் முறையிட்டான்.

தள்ளிக்கொண்டே போகிறோம், வாருங்கள். சாய்வு மேடையில் வண்டியை 60 பாகைக்குச் சாய்க்கிறார்கள். பெட்ரோல் ஒரு சொட்டு ஒழுகக் கூடாது, சக்கரம் மேடையை விட்டு எழும்பக் கூடாது. குழு மொத்தமும் வண்டியோடு சேர்ந்து தலையைச் சாய்த்துப் பார்க்கிறது. அடுத்தது சத்தச் சோதனை. நான் ஆவலோடு காதைத் தீட்டினேன், டங்குக்கு எத்தனை மதிப்பெண் என்று பார்க்க. ஏமாற்றம்! புகைக்குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகைக் கோணத்தில் மீட்டரைப் பிடிக்கிறார்கள். ஐடிலில் 103 டெசிபல், அதற்கு மேல் 110. கியர் சத்தத்தை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. முதல் தடவை மீட்டர் எல்லைக்கு மேலே போய்விட்டது. ஆறு பேர் ஒரே சைலன்ஸரின் மேல் கவிழ்ந்தார்கள். மூடியைக் கழற்றி, உள்ளே பஞ்சை இன்னும் நெருக்கித் திணித்து, சூடு தாங்காமல் "ஊ, ஆ" என்று குதித்து, திரும்பப் பூட்டி, மறுபடி வரிசையில் நின்று... ஸ்டிக்கர் கிடைத்தது. அதை ஒட்டும் உரிமை யாருக்கு என்று ஒரு சின்ன யுத்தம் நடந்தது. பஞ்சு திணித்தவன் ஜெயித்தான்.

நடுவே ஒரு வார்த்தை: பக்கத்துக் கூடாரத்தில் மின்கார் அணி. கியரே இல்லை, செயினும் எஞ்சினும் இல்லாத நிசப்தம். அங்கிருந்து ஒரு பெண் அவ்வப்போது எட்டிப் பார்த்து, "என்னங்க, உள்ள பாத்திரம் கழுவறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இவர்கள் பதிலுக்கு, "சார்ஜ் ஏறிடுச்சுங்களா, இல்ல நாளைக்கா?" என்றார்கள். இரு தரப்பும் ஸ்பேனரை மட்டும் மாறி மாறிக் கடன் வாங்கிக்கொண்டன.

சரி, பாதைக்கு வந்துவிட்டோம். இந்தத் தடத்துக்குப் பெயர் தந்த எஸ். கரிவர்தனும் கோவைக்காரர், 1980களின் கடைசியில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களை உருவாக்கியவர். 1995இல் விமான விபத்தில் இறந்தார். 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் ஆரம்பத்தில் ஓட்டியது ஃபார்முலா மாருதிதான். இன்னொருவர் எஞ்சினைக் கழற்றித் தன் காரில் மாட்டும் பழக்கம் இந்த மண்ணுக்குப் பழசு.

கடைசிப் போட்டி எண்டியூரன்ஸ்: ஆரஞ்சு நிறக் கூம்புகளுக்கு நடுவே ஏறத்தாழ 22 கிலோமீட்டர், பாதியில் ஓட்டுநர் மாற வேண்டும். வருடம் முழுக்கக் கட்டிய வண்டி பொலபொலவென்று உதிர்வது இங்கேதான். முதல் ஓட்டுநர் தீப்பிடிக்காத உடுப்புக்குள் ஏற்கெனவே நனைந்துவிட்டார். கோவை வெயிலை ஜனவரி என்று யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். கையுறையைக் கழற்றி வலது உள்ளங்கையைக் காட்டினார்: பித்தளைக் குமிழின் வட்டம் அப்படியே கொப்புளமாக.

பென்சில் மாணவி கம்பி வேலியோரம் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமா? இல்லை. வண்டியின் பதிவுக் கருவி காலையில் மக்கர் செய்துவிட்டது; எந்த இடத்தில் எந்தக் கியர் என்பதை இவர் காதால் கேட்டு நோட்டில் குறிக்கிறார். நேர் பாதையில் 'டக்', மேலேறியது. அதில் கிளட்ச் வேலையே இல்லை. லீவரை இழுத்ததும் ஒரு சுவிட்ச் கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தீப்பொறியை வெட்டும், பளு விலகும், பல் மாறிக் கவ்வும். வளைவுக்கு முன் 'டங்', கீழே இறங்கியது. டக், டங், டக், டங். பென்சில் ஓடுகிறது.

அப்புறம் வந்தது, அவர் சொன்ன அந்தக் கெட்ட சத்தம். கர்ர்ர்ரக்! எனக்குப் பல் கூசியது. வேலியோரம் மொத்தக் குழுவும் முகத்தைச் சுளித்தது. மாணவி கண்ணைத் திறக்காமலே எழுதினார்: 'கெஞ்சல்'. லீவரைப் பயந்து பயந்து, மெதுவாக, மரியாதையாகத் தள்ளினால் பற்கள் பள்ளத்தில் விழாமல் விளிம்பில் உரசிக்கொண்டே இருக்கும். வீட்டுக் காரில் கற்ற பணிவு இங்கே ஆகாது. பட்டென்று ஒரே அடியில் போட வேண்டும். அப்போதுதான் சத்தம் குறையும், கியரும் பிழைக்கும். வாழ்நாள் முழுக்க எதையும் மெல்ல வை, மெல்ல மூடு என்று திட்டு வாங்கி வளர்ந்த எனக்கு இது கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா!

இரண்டு சுற்று கழித்து இன்னொரு வேடிக்கை. 'ஊஊஊ' என்று எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே நியூட்ரல். லீவர் பாதியில் நின்று அங்கே போய் மாட்டிக்கொண்டது. "போடு! போடு! போடு!" என்று வேலியே கத்தியது. ஹெல்மெட்டுக்குள் அவருக்கு ஒரு எழுத்தும் கேட்டிருக்காது. டங்! போட்டுவிட்டார். வேலியில் கைதட்டல்.

பாதித் தூரம். ஓட்டுநர் மாற்றம். இங்கே எஞ்சினை அணைத்து, ஆளை மாற்றி, மறுபடி கிளப்ப வேண்டும், நேரத்துக்கும் அளவுண்டு. சூடேறிய பைக் கியர்பாக்ஸில், நின்றபின் நியூட்ரலைத் தேடுவது எப்படிப்பட்ட பாடு என்று பைக் ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். இதற்குத்தான் மெக்கானிக் அண்ணன் ஒரு வாரமாகப் பாடம் எடுத்திருக்கிறார்: "நின்னுட்டுத் தேடாத. உருண்டுட்டு வரும்போதே தட்டிரு." சக்கரம் சுற்றும்போது உள்ளே பற்களும் சுற்றிக்கொண்டிருக்கும், இறுகாது, சுலபமாக நழுவும். வண்டி உருண்டு வருகிறது. எல்லோருடைய கண்ணும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி விளக்கின் மேல். பச்சை! பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணன் டீயை உறிஞ்சினார், வேறெதுவும் சொல்லவில்லை.

இருக்கைப் பட்டிகள் படபடவென்று கழன்றன. அவிழ்ந்தவர் எழுந்தார், உடம்பிலிருந்து ஆவி பறந்தது. அடுத்தவர் வழுக்கி உள்ளே இறங்கினார், "சீட்டு முழுக்க வேர்வைடா!" என்று ஒரு சாபத்தோடு. ஸ்டார்ட்டர். இருமல். இன்னொரு தடவை. பிடித்துக்கொண்டது! முதல் கியர் விழுந்த டங்குக்குப் பக்கத்து மின்கார்ப் பெண்ணும் சேர்ந்து விசில் அடித்தார்.

இரண்டாவது ஓட்டுநரின் கை வேறு என்பது எனக்கே கேட்டது. டக், டக், டங், டங். ஒரு கர்ர் கூட இல்லை. ஊரில் அண்ணன் தம்பிகளோடு மண் பாதையில் பைக் ஓட்டிப் பழகியவராம். நோட்டில் பென்சில் ஓயாமல் 'சுத்தம், சுத்தம்' என்று எழுதிக்கொண்டிருந்தது. கொடி விழுந்தது. வண்டி முழுசாக, சொந்தச் சக்கரத்தில், எல்லாப் பாகங்களோடும் வந்து சேர்ந்தது. தூக்கிக் கொண்டாட ஆள் போதாமல் எலுமிச்சைப் பையனையும் தூக்கினார்கள்.

கொண்டாட்டம் அடங்கியதும் விசாரணை. மாணவி நோட்டைப் பிரித்து உரக்கப் படித்தார், முதல் ஓட்டுநரின் கணக்கை. "கெஞ்சல், ரெண்டாவது கியர். அப்புறம் நியூட்ரல். அப்புறம் இன்னொரு கெஞ்சல்."

"அது கெஞ்சல் இல்ல. கூம்பு அடிபட்ட சத்தம்."

"கூம்பு பிளாஸ்டிக். கர்ர்ருன்னா சொல்லும்?"

"செயின் தொங்குச்சு, அதோட சத்தம்."

செயின் மாட்டியவன் இதற்குக் கொதித்தெழுந்தான். ஆளுக்கு ஒரு சத்தத்தை வாயாலேயே எழுப்பிக் காட்ட, கூடாரம் மறுபடி அதிர்ந்தது. கடைசியில் அண்ணன்தான் தீர்ப்பு சொன்னார். "எதுக்குக் கத்தறீங்க? ஊருக்குப் போய் எஞ்சினைப் பிரிப்போம். ரெண்டாவது கியர் டாக்கு முனை மழுங்கியிருந்தா அவன் தப்பு. கூர்மையா இருந்தா இந்தப் பொண்ணு காதுல தப்பு. தோத்தவங்க எல்லாருக்கும் ரோட்டுக்கடைக் காளான்."

முதல் ஓட்டுநர் உடனே தலைகளை எண்ண ஆரம்பித்தார். என்னையும் எண்ணிவிட்டார் என்பதைப் பார்த்து, முட்டை போட்டதா, போடாததா என்று கேட்டு எழுதிக்கொள்ளச் சொன்னேன்.